ஆதி மோர்மன் மக்களின் வாழ்வும் தலைமையும்

மோர்மன் என்னும் பெயரைக் கேட்டவுடன் பலதார மணம் ஒன்றே பலருடைய நினைவுக்கு வருகின்றது. அவ்வழக்கம் அம்மக்களிடையே ஒருகாலத்தில் இருந்தது உண்மையே. ஆயினும் அவர்களுடைய வரலாற்றை ஊன்றிப் படிப்பவனுக்கு அதனிலும் வியப்பாகத் தோன்றுவது பிறிதொன்று. 1830ஆம் ஆண்டிலே தொடங்கிய இச்சபை, பதினாறு ஆண்டுகளுக்குள் நான்கு மாநிலங்களிலே குடியிருந்து, நான்கையும் விட்டு நீங்க நேர்ந்தது. தன் நிறுவுநரைக் கொலைக்குப் பறிகொடுத்தது. ஈற்றிலே மழை குறைந்த, மரம் அரிதான ஒரு பள்ளத்தாக்கிற்போய்ச் சேர்ந்தது. அங்கே சிதறி அழிந்திருக்க வேண்டிய கூட்டம் அழியவில்லை. ஏன் அழியவில்லை என்னும் வினாவுக்குரிய விடையைத் தரிசனங்களிலும் பிரசங்கங்களிலும் மட்டும் தேடுவோர் பாதி விடையையே காண்பர். மாவை அளந்தவர் யார், வாய்க்காலைத் திறந்தவர் யார், நோயுற்றவன் வீட்டுக் கதவைத் தட்டியவர் யார் என்ற சிறு செய்திகளிலே மற்றைப் பாதி அடங்கியிருக்கின்றது.

யோசேப்பு சிமித் 1805ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மொன்ற் மாநிலத்திலே ஒரு கமக்காரர் குடும்பத்திற் பிறந்தார். விளைவு பொய்த்தமையாலும் கடன் மிகுந்தமையாலும் அக்குடும்பம் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அப்பகுதியிலே அக்காலத்திற் சமய எழுச்சிக் கூட்டங்கள் ஓய்வின்றி நடைபெற்றன. எச்சபை மெய்யான சபை என்று தடுமாறிய இளைஞர் பலருள் யோசேப்பும் ஒருவர். தேவதூதன் ஒருவன் காட்டிய பொற்றகடுகளிலிருந்து பண்டைய வேதம் ஒன்றைத் தாம் மொழிபெயர்த்ததாக அவர் கூறினார். அது 'மோர்மன் புத்தகம்' என்னும் பெயருடன் 1830 மார்ச்சு மாதத்தில் வெளிவந்தது. 5,000 படிகள் அச்சிடுவதற்கான 3,000 டொலருக்கு மாட்டின் ஹரிஸ் என்னும் கமக்காரர் தம்முடைய நிலத்தை ஈடு வைத்தார். இச்சமயத்தின் முதற் பக்கத்திலேயே ஒரு குடியானவனின் வயல் பணயமாக நிற்கின்றது என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு ஏப்பிரில் 6ஆம் நாள் சபை முறையாக நிறுவப்பட்டது. மோர்மன் என்பது மற்றையோர் இட்ட பெயர்; தம்மை அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்கள் என்றே அழைத்துக்கொண்டனர்.

அடுத்த ஆண்டிலே சபையினர் ஒஹாயோ மாநிலத்துக் கேர்ட்லன்ட் என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கே யோசேப்பு வகுத்த பொருளியல் விதி மிகவும் துணிவானது. ஒவ்வொரு குடும்பத்தவரும் தம் உடைமை முழுவதையும் பிஷப்பிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அக்குடும்பத்தின் தேவைக்கேற்ற நிலத்தையும் கருவிகளையும் திருப்பிக் கொடுப்பார். ஆண்டு முடிவில் எஞ்சியது ஏழைகளுக்கான பண்டசாலைக்குப் போகும். இங்கே பிஷப் என்பதை நீண்ட அங்கியணிந்து பேராலயத்தில் வீற்றிருக்கும் குருமுதல்வராக எண்ணுதல் கூடாது. மோர்மன் பிஷப் சம்பளம் பெறாதவர். தொப்பி செய்பவராகவோ, கொல்லராகவோ, கமக்காரராகவோ பிழைப்பு நடத்திக்கொண்டு எஞ்சிய நேரத்திலே ஊராரின் வயிற்றுப்பாட்டைக் கவனிப்பவர். முதலாவது பிஷப்பாகிய எட்வேட் பாற்றிட்ச் தொப்பி வியாபாரியே. ஆயின் அவ்விதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஏறியவரும் உண்டு. பிற்காலத்தில் முழு உடைமைக்குப் பதிலாகத் தசமபாகம், அதாவது பத்திலொன்று, வழக்கத்துக்கு வந்தது. மனிதர் தாங்கக்கூடிய அளவுக்கு விதி இறங்கி வந்தபின்னரே அது நின்று பிடித்தது எனலாம்.

அக்காலத் தலைமை எவ்வளவு சிறு காரியங்களைத் தொட்டது என்பதற்குக் கேர்ட்லன்டில் நிகழ்ந்த ஒன்று நல்ல சான்று. ஒரு கடையின் மேன்மாடத்திலிருந்த சிறு அறையிலே யோசேப்பு போதகர்களுக்கான பள்ளி ஒன்றை நடத்தினார். வந்திருப்போர் வாயிற் சுங்கானை வைத்துப் புகைப்பர். பின்னர்ப் புகையிலையை மென்று தரையெங்கும் உமிழ்வர். புகைமண்டலத்தின் நடுவே நின்று தீர்க்கதரிசி பேசுவார். அறையைக் கழுவுவது அவருடைய மனைவி எம்மாவின் தலையில் விழுந்தது. எம்மாவின் முறைப்பாடும் கணவருடைய சங்கடமும் சேர்ந்து 1833 பெப்ருவரி 27ஆம் நாள் ஒரு வெளிப்பாட்டுக்கு வழிவகுத்தன என்று பிரிகம் யங் பிற்காலத்திற் கூறினார். மதுவும் புகையிலையும் 'சூடான பானங்களும்' விலக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். சூடான பானம் என்பது தேயிலையும் கோப்பியும் என்றே பொருள்கொள்ளப்பட்டது. தேயிலையை ஏற்றுமதி செய்து வாழும் நாட்டினருக்கு இவ்விலக்கு சற்று வருத்தமாகவும் இருக்கலாம்! ஆனால் அது முதலில் அறிவுரையாகவே கூறப்பட்டது. 1845இலே நெடும்பயணத்துக்கென ஒவ்வொரு குடும்பமும் சேர்க்க வேண்டிய பண்டங்களின் பட்டியலைச் சபை வெளியிட்டபொழுது, 1,000 இறாத்தல் மாவுடன் தேயிலையும் கோப்பியும் அதில் இடம்பெற்றிருந்தன.

கேர்ட்லன்டிலே தலைமை சறுக்கியதும் உண்டு. யோசேப்பும் நண்பர்களும் நடத்திய வங்கி 1837ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் முறிந்தது. சமயத்தில் அவரைத் தீர்க்கதரிசியாக ஏற்றவர்கள் வங்கியிலும் அவ்வாறே நம்பிப் பணத்தை இழந்தனர். சபையின் மூத்தவர்கள் சிலரே அவரைவிட்டு விலகினர். மிசூரி மாநிலத்திலே குடியேறியிருந்த மோர்மன் மக்களுக்கோ வேறுவிதமான துன்பம் நேர்ந்தது. கூட்டமாக வந்து நிலம் வாங்குவோர், கூட்டமாக வாக்களிப்போர், அடிமை முறைக்கு எதிரானவர்கள் என்ற ஐயத்துக்கு உள்ளானோர், இந்நாடு தமக்கே கடவுளால் வாக்களிக்கப்பட்டது என்று கூறுவோர் ஆகிய இவர்களை அயலவர் அஞ்சினர், வெறுக்கவுஞ் செய்தனர். இருதரப்பிலும் ஆயுதம் எடுக்கப்பட்டது. 1838 ஒக்டோபர் 27ஆம் நாள், மோர்மன்கள் அழிக்கப்படல் வேண்டும் அல்லது மாநிலத்தினின்று விரட்டப்படல் வேண்டும் என்று ஆளுநர் லில்பேண் பொக்ஸ் ஆணையிட்டார். மூன்று நாளின் பின் ஹோன் என்பவருடைய மாவாலையருகே 17 பேர் கொல்லப்பட்டனர். யோசேப்பு சிறையிலடைக்கப்பட்டார்.

தலைவர் சிறையிலிருந்த அப்பனிக்காலத்திலேதான் பிரிகம் யங் என்னும் மனிதரின் திறமை வெளிப்பட்டது. 1801இலே பிறந்த இவர் தச்சுவேலையும் வர்ணம் பூசுதலும் கண்ணாடி பொருத்துதலும் செய்தவர். பதினொரு நாள் மட்டுமே பள்ளிக்குச் சென்றதாகத் தாமே சொல்லிக்கொண்டவர். வெளியேற வண்டியில்லாத ஏழைகளைக் கைவிடுவதில்லை என்றும், தம் உடைமை யாவற்றையும் அதற்கெனக் கொடுப்பதாகவும் எழுதிய உடன்படிக்கை ஒன்றிலே இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் கைச்சாத்திடச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இலினோய் மாநிலத்தை அடைந்தனர். முழு உடைமையையும் பிஷப்பிடம் ஒப்படைக்கும் விதியாற் சாதிக்க இயலாததை, ஒரு குறிப்பிட்ட ஆபத்துக்கென எழுதிய ஒரு தாள் சாதித்தது.

ஆற்றோரத்துச் சதுப்பு நிலத்தை வடித்து அவர்கள் எழுப்பிய நகரத்துக்கு நோவூ என்று பெயர். முதலிரு கோடைகளிலும் காய்ச்சலால் மக்கள் வீழ்ந்தனர். எனினும் 1845 அளவில் அங்கே பதினொராயிரம் பேர்வரை வாழ்ந்தனர். பிரித்தானிய ஆலைத்தொழிலாளரும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். ஆண்கள் பத்து நாளுக்கொருநாள் ஆலயத் திருப்பணியில் உழைத்தனர். யோசேப்பு நகரபிதாவாகவும் குடிப்படைத் தளபதியாகவும் இருந்ததோடு, 1842இலே திறந்த தமது செங்கற் கடையில் தாமே சாமான் நிறுத்துக் கொடுத்தார். இளைஞரோடு மற்போர் செய்தார். சிறுவரோடு பந்து விளையாடினார். தீர்க்கதரிசி என்றால் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருப்பார் என்றெண்ணி வந்தோர் ஏமாந்து போயினர்.

திருப்பணி வேலையாட்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க விரும்பிய பெண்கள் சிலர் ஒரு சங்கம் அமைக்க முயன்றனர். கவிஞராகிய எலைசா சினோ அதற்கு விதிகளை எழுதினார். அவற்றைப் பார்த்த யோசேப்பு இன்னும் விரிவான அமைப்பொன்றைத் தாமே தருவதாகக் கூறி, 1842 மார்ச்சு 17ஆம் நாள் அதே கடையின் மேன்மாடத்தில் பெண்கள் நிவாரணச் சங்கத்தைத் தொடக்கிவைத்தார். எம்மா அதன் தலைவியானார். அச்சங்கத்தினர் வீடு வீடாகச் சென்று எவர் பட்டினி கிடக்கின்றார், எவருக்குக் கம்பளி இல்லை என்று விசாரித்தனர். ஆனால் அதே காலத்தில் யோசேப்பு இரகசியமாக வேறு பெண்களையும் மணந்துவந்தார். அவர்களின் தொகை 30க்கும் 40க்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்படுவதை 2014இல் அச்சபையே வெளியிட்ட கட்டுரை ஒன்று ஏற்றுக்கொண்டது. எம்மா இவ்வழக்கத்தை வெறுத்தார்.

இவ்விரகசியமே வீழ்ச்சிக்கு வித்தாயிற்று. சபையிலிருந்து பிரிந்தோர் 1844 யூன் 7ஆம் நாள் வெளியிட்ட பத்திரிகையொன்று பலதார மணத்தையும், ஒரே மனிதர் சமயத்துக்கும் நகராட்சிக்கும் படைக்கும் தலைவராக இருப்பதையும் கண்டித்தது. நகரசபையின் ஆணைப்படி அப்பத்திரிகையின் அச்சியந்திரம் உடைத்தெறியப்பட்டது. இது பெருந்தவறு என்பதில் ஐயமில்லை. அயலூர்கள் கொதித்தெழுந்தன. கார்தேச் நகரச் சிறையில் இருந்த யோசேப்பையும் அவர் தமையனார் ஹைரமையும் யூன் 27ஆம் நாள் ஒரு கூட்டம் சுட்டுக்கொன்றது.

தலைவருக்குப்பின் யார் என்ற வினாவுக்கு எழுத்திலே தெளிவான விடை இல்லை. ஓகஸ்டு 8ஆம் நாள் நடந்த பெருங்கூட்டத்திலே, சிறந்த நாவலராகிய சிட்னி ரிக்டன் தாமே சபையின் காவலர் என்று நெடுநேரம் பேசினார். பிற்பகலிற் பேசிய பிரிகம் யங், ஒருவரன்று, பன்னிரு அப்போஸ்தலரும் சேர்ந்தே சபையை நடத்துவர் என்றார். மக்கள் பன்னிருவரை ஏற்றனர். ஏலாதோர் பலவாறு பிரிந்தனர். எம்மா நோவூவிலேயே தங்கினார். அவருடைய மகன் 1860இல் வேறொரு சபைக்குத் தலைவரானார்.

1846 பெப்ருவரியில் நோவூ மக்கள் வெளியேறத் தொடங்கினர். சிலர் உறைந்த மிசிசிப்பி மீது நடந்தே கடந்தனர். அயோவாவின் சேற்றிலே ஏறத்தாழ 300 மைல் செல்ல நான்கு மாதத்துக்கு மேலாயிற்று. ஆயினும் முன்சென்றோர் வழியில் இரண்டு இடங்களிலே காடுவெட்டி உழுது விதைத்துவிட்டுப் போயினர். விளைவு அவர்களுக்கன்று, பின்னால் வருவோருக்கு! மிசூரி ஆற்றங்கரையில் அமைந்த பனிக்கால இருப்பிடத்திலே நோயாலும் நல்லுணவின்மையாலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அங்கேதான் ஊரை இருபதுக்கு மேற்பட்ட சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஷப்பை நியமிக்கும் முறை உறுதிப்பட்டது. கணவன் படைக்குச் சென்றிருந்த குடும்பங்களுக்கு விறகு உண்டா, மா உண்டா என்று பார்ப்பது அவருடைய கடன்.

1847 ஏப்பிரிலில் புறப்பட்ட முன்னணிக் கூட்டத்தில் 143 ஆண்களும் 3 பெண்களும் 2 சிறுவரும் இருந்தனர். ஆண்களுள் மூவர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட கறுப்பினத்தவர் என்பதை மறத்தலாகாது. பத்துப் பேருக்கு ஒரு தலைவன், ஐம்பது பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒரு தலைவன் என்ற ஒழுங்கிலே பயணம் நடந்தது. காலை ஐந்து மணிக்கு ஊதுகொம்பு ஒலிக்கும். செபம், உணவு, மாடுகளுக்குத் தீனி. ஏழு மணிக்குப் புறப்பாடு. இரவு எட்டரைக்கு மீண்டும் கொம்பு. ஒன்பது மணிக்கு உறக்கம். விறகில்லாத சமவெளியிலே காட்டெருமையின் உலர்ந்த சாணமே எரிபொருள். வழியின் நீளத்தை அறிய விரும்பிய வில்லியம் கிளேற்றன் வண்டிச் சக்கரத்தில் ஒரு செந்துணியைக் கட்டி, அது 360 முறை சுற்றினால் ஒரு மைல் என்று நாள்முழுவதும் எண்ணிக்கொண்டு நடந்தார். அவ்வேலையின் சலிப்பிலிருந்து பிறந்தது, ஓசன் பிராற் திட்டமிட்ட மைல் எண்ணும் மரக்கருவி. மே மாத இறுதியிலே சீட்டாட்டமும் வீண்வேடிக்கையும் மிகுந்துவிட்டன என்று பிரிகம் யங் வண்டிகளை நிறுத்திவைத்து எல்லாரையும் கடிந்துகொண்டார். பரிசுத்தவான்களும் மனிதரே அன்றோ!

யூலை பிற்பகுதியில் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். 23ஆம் நாளே முன்வந்தோர் ஓடையை மறித்து நீரைப் பாய்ச்சி, இறுகிய நிலத்தை உழத் தொடங்கிவிட்டனர். நோயுற்றிருந்த பிரிகம் யங் மறுநாள் வந்து சேர்ந்தார். நிலம் விற்கப்படவோ வாங்கப்படவோ மாட்டாது. ஒவ்வொருவனுக்கும் உழைக்கக்கூடிய அளவே அளந்து கொடுக்கப்படும். ஓடைகளும் காடுகளும் தனியொருவருக்கும் உரியனவல்ல என்பது அவர் அறிவித்த விதி. நகரம் 10 ஏக்கர்ச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரத்திலும் எட்டு வளவுகள். இடையே 132 அடி அகலமான வீதிகள். அந்நிலத்தில் ஏற்கெனவே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த யூற் மக்களும் சொசோனி மக்களும் ஓடைக்கரைகளை இழந்ததையும், பின்னர்ப் பலமுறை இரத்தம் சிந்தப்பட்டதையும் அவ்வழகிய நகரப்படம் காட்டுவதில்லை.

மழையை நம்பிப் பயிரிட்டுப் பழகிய மக்களுக்கு வாய்க்காற் கமம் புதிது. கிழக்கு மாநிலங்களின் சட்டப்படி ஆற்றங்கரை நிலத்தவனுக்கே ஆற்றுநீரில் உரிமை. அச்சட்டத்தைக் கொண்டு இப்பள்ளத்தாக்கிலே பத்துக் குடும்பந்தான் பிழைத்திருக்கும். ஆதலால் வாய்க்கால் வெட்டுவதில் எவன் எவ்வளவு உழைத்தானோ அவ்வளவுக்கு அவனுக்கு நீர்ப்பங்கு என்று வகுத்தனர். முறை நள்ளிரவில் வந்தாலும் கமக்காரன் மண்வெட்டியோடு மடையிற் போய் நிற்க வேண்டும். நீர்ப்பங்கைக் கண்காணிப்பவர் இலங்கைக் கமக்காரர் வட்டவிதானை என்று கூறும் பதவியினரை ஒத்தவர். பல ஊர்களிலே தொடக்கத்தில் பிஷப்பே அவ்வேலையையும் பார்த்தார். மடையை முறைதவறித் திறந்தவனும் திறக்கப்பட்டவனும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மண்டபத்தில் அமர்ந்திருப்பர். வழக்கும் அங்கேயே தீர்க்கப்பட்டது. நீதிமன்றச் செலவும் வழக்கறிஞர் கூலியும் இல்லை. ஆயின் தீர்ப்பை ஏற்காதவனுக்கு அவ்வூரில் வாழ்வும் இல்லை.

1848ஆம் ஆண்டுப் பயிரைக் கருஞ்சில்வண்டுக் கூட்டம் தின்றது. ஏரியிலிருந்து வந்த கடற்காகங்கள் அவற்றைத் தின்று ஒரு பகுதியைக் காத்தன. அதனைத் தொடர்ந்த பனிக்காலத்தில் மக்கள் நெருஞ்சி போன்ற முட்செடியின் வேரையும் காட்டு அல்லியின் கிழங்கையும் தோண்டித் தின்றனர். 1849 பெப்ருவரியிலே பிஷப்மார் வீடு வீடாகத் தானியத்தைக் கணக்கெடுத்தனர். யூலை தொடக்கம்வரை ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் இறாத்தலுக்குச் சற்று மேல் உண்டு என்று கண்டனர். கணக்கிற் காட்டாமல் மறைத்து வைத்திருந்தோரும் உளர் என்று சபைத்தலைவர்களின் அவ்வாண்டு அறிக்கையே வெளிப்படையாகக் கூறுகின்றது. சோல்ற் லேக் நகரம் 19 வட்டாரங்களாக வகுக்கப்பட்டதும் அப்பனிக்காலத்திலேயே. தசமபாகம் பெரும்பாலும் பணமாக வரவில்லை. கோழியும் முட்டையும் வெண்ணெயும் வைக்கோலும் பண்டசாலையிலே குவிந்தன. இவற்றை அழுகுமுன் ஏழைகளுக்கும் வேலையாட்களுக்கும் பங்கிடுவதே பிஷப்பின் தலைவலி. கையிற் பொருளில்லாதவன் பத்தாவது நாளை உழைப்பாகக் கொடுத்தான்.

பெண்களின் வாழ்வைப் பற்றி அறிய மருத்துவிச்சி பற்றி செசன்சின் நாட்குறிப்புப் போன்றது பிறிதில்லை. 1847இலே தமது ஐம்பத்திரண்டாம் வயதில் தாமே வண்டியோட்டி வந்தவர் அவர். வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 பிரசவங்களைப் பார்த்தார் என்பர். பனியிலே வண்டிக்குள்ளும் கூடாரத்துள்ளும் பிள்ளை பிறந்தது, கூலி பெற்றது, பெறாதது, பழமரம் நட்டது, சவர்க்காரம் காய்ச்சியது யாவும் ஒவ்வொரு வரியில் எழுதப்பட்டுள்ளன. கணவர் வேறொரு மனைவியைக் கொண்டுவந்தபோது அடைந்த துயரமும் அதே சுருக்கத்துடன் இடம்பெறுகின்றது. பலதார மணத்தைச் சபை 1852இலே வெளிப்படையாக அறிவித்தது. மோர்மன் குடும்பங்களுள் அதனைக் கைக்கொண்டது சிறுபான்மையே. ஆயின் தலைவர்களிடையே அது பெரும்பான்மை. பிரிகம் யங்கிற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தனர். மறுபுறத்திலே, யூற்றாப் பெண்கள் 1870இல் வாக்குரிமை பெற்றனர். அதனை 1887இல் ஐக்கிய அமெரிக்க சட்டமன்றம் பறித்தது. 1890இலே சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896இலே யூற்றா மாநிலமாயிற்று.

1852ஆம் ஆண்டிலே பல நாடுகளுக்கும் போதகர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் இருவர் 1853இல் இலங்கைக்கும் வந்தனர். ஒருவர் சென்னையிலே சிறு பத்திரிகை நடத்தினார். பயன் மிகச் சிறிது. பர்மாவுக்குச் சென்ற லீவை சவேஜ் என்பவரை மட்டும் இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் அவர் திரும்பும் வழியிலே ஒரு கொடிய நிகழ்ச்சிக்குச் சாட்சியானார்.

ஐரோப்பிய ஏழைகளைக் குறைந்த செலவில் அழைத்துவர, மாட்டு வண்டிக்குப் பதிலாகக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்துவரலாம் என்று பிரிகம் யங் திட்டமிட்டார். ஆளுக்கு 17 இறாத்தல் மூட்டை. நாளுக்கு ஓர் இறாத்தல் மா. 1856இலே முதல் மூன்று கூட்டங்கள் நலமே வந்தன. கடைசி இரண்டும், ஏறத்தாழ ஆயிரம் பேர், காலந்தாழ்த்தியே புறப்பட்டன. ஓகஸ்டிலே நெப்ராஸ்காவில் நடந்த கூட்டத்தில் லீவை சவேஜ், முதியோரையும் குழந்தைகளையும் கொண்டு இப்பருவத்தில் மலையேறுதல் ஆகாது என்று கண்ணீருடன் தடுத்தார். தலைவர்களோ கடவுள் காப்பார் என்றனர். போவதே முடிவாயிற்று. அப்படியாயின் தாமும் உடன்வந்து உதவி, வேண்டுமானால் உடன் இறப்பதாகவும் அவர் கூறினார். ஒக்டோபரிலே பனிப்புயல் பிடித்தது. மா தீர்ந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவர்கள் வழியிலிருக்கும் செய்தி ஒக்டோபர் 4ஆம் நாள் சோல்ற் லேக் நகரத்தை எட்டியது. மறுநாட் காலை மாநாட்டிலே பிரிகம் யங் வேறெதனையும் பேசவில்லை. மாடும் வண்டியும் மாவும் ஓட்டுநரும் உடனே வேண்டும் என்றார். பெண்கள் அமர்ந்த இடத்திலேயே உட்பாவாடையையும் காலுறையையும் கழற்றி வண்டிகளிற் குவித்தனர் என்று ஒருத்தி எழுதிவைத்துள்ளார். மூன்றாம் நாளே முதல் வண்டிகள் புறப்பட்டன. வட்டாரமும் பிஷப்பும் பண்டசாலையும் இல்லாத ஊரில் இது நடந்திருக்கமாட்டாது. நவம்பர் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் கூட்டம் நகரை அடைய இருந்தபொழுது, பிற்பகல் வழிபாட்டை நிறுத்திவிட்டு வீடு செல்லுமாறு மக்களை அவர் பணித்தார். சுட்ட கிழங்கும் பாலும் வேண்டிய நேரத்தில் செபம் அவற்றின் இடத்தை நிரப்பாது என்பது அவர் சொன்ன காரணம். ஆயின் கைவண்டித் திட்டம் தம்முடையது என்பதைப் பற்றி அவர் அவ்வளவாகப் பேசவில்லை. காலந்தாழ்த்தி அனுப்பியோரையே குறைகூறினார்.

அதே கீழ்ப்படிவு அடுத்த ஆண்டிலே பெரும் பழிக்கு இடமாயிற்று. ஐக்கிய அமெரிக்கப் படை யூற்றாவை நோக்கி வருவதறிந்து, போர்ப்பேச்சு எங்கும் நிறைந்திருந்த காலம். தென்யூற்றாவின் மலைப்புல்வெளி என்னும் இடத்திலே, 1857 செப்டெம்பர் 11ஆம் நாள், கலிபோர்னியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஏறத்தாழ 120 பயணிகளை மோர்மன் குடிப்படையினர் வெள்ளைக்கொடி காட்டி வெளியே அழைத்துக் கொன்றனர். எஞ்சியவர்கள் 17 சிறு குழந்தைகளே. அவ்வூரில் சபைத்தலைவரும் நகரபிதாவும் படை மேசரும் ஐசக் ஹெயிற் என்னும் ஒரே மனிதர். அவரை மறுக்க நினைத்தவன் வேறெவரிடம் போய் முறையிடுவான்? பயணிகளைத் தடையின்றிப் போகவிடுமாறு பிரிகம் யங் எழுதிய கடிதம் இரண்டு நாட் பிந்தி வந்தது. அவர் கொலைக்கு ஆணையிட்டதற்குச் சான்றில்லை. அவருடைய கனல்பறக்கும் பேச்சுக்கள் அச்சூழலை உண்டாக்கின என்பதையோ மறுத்தல் இயலாது. இருபது ஆண்டு கழித்து யோன் லீ என்பவர் ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டுச் சுடப்பட்டார்.

1869இலே புகையிரதப் பாதை வந்தபின் பள்ளத்தாக்கின் தனிமை நீங்கிற்று. பிரிகம் யங் தமது இறுதி ஆண்டாகிய 1877இலும் வட்டாரங்களின் எல்லைகளைத் திருத்துவதிலும் பிஷப்மாரை நியமிப்பதிலுமே ஈடுபட்டிருந்தார். ஓகஸ்டு 29ஆம் நாள் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுக்கு முன்பே தம் அடக்கத்துக்கான குறிப்புகளை அவர் எழுதிவைத்திருந்தார். எவரும் கறுப்புத் துணி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். பெட்டி செம்மரப் பலகையாற் செய்யப்படல் வேண்டும். பலகையின் கனம் ஒன்றேகால் அங்குலம். நீளம் தமது உயரத்திலும் இரண்டு அங்குலம் கூடுதல். அகலமோ, வலப்புறமோ இடப்புறமோ சற்றுத் திரும்பிப் படுக்க விரும்பினால் அதற்கு இடமிருக்குமளவு. தச்சருக்குத் தச்சர் கொடுத்த அக்கணக்கின்படியே பெட்டி செய்யப்பட்டது.